சுவிட்ச் போடாமலே அடிக்குது

1. மறுபடியும் அதே கிரைண்டர்

சரோஜா அம்மாள் எங்கள் கடைப் படியேறி வந்தபோது நான் ஒரு மிக்சியைக் கவிழ்த்துப் போட்டு கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய் ரங்கநாதன் சார் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"கிரைண்டரை நீங்க ரெண்டு வாட்டி பாத்தாச்சு. இன்னும் அடிக்குதுன்னு எம் மருமக சொல்றா. ஒண்ணு உங்க ஆளுங்களுக்கு வேல தெரியல, இல்ல எம் மருமக பொய் சொல்றா. எதுன்னு இன்னிக்கு எனக்குத் தெரியணும்."

இது எண்பதுகளின் கடைசியில், ஒரு கோடைக்காலத்தில் நடந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது எங்கள் சர்வீஸ் சென்டர். மிக்சி, வெட் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், மின்சார அடுப்பு எல்லாம் பார்ப்போம். ரங்கநாதன் சார் ஓனர். மெக்கானிக்குகளில் நான் ஒருத்திதான் பெண். பம்மலில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் காயில் சுற்றிப் பழகியவள். அந்தப் பட்டறையில் பெண்கள்தான் அதிகம். ஆனால் ஸ்பேனரும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் வேலைக்கு அப்போது பெண்கள் வருவதில்லை. நான் வந்தேன். கதவைத் திறந்தவர்கள் என்னைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்பார்கள். கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சமையலறைச் சாமான்கள் பழுதாவதற்குக் காரணங்கள் கொஞ்சம்தான். மிக்சி சுத்தமாக ஓடவில்லை என்றால் முதலில் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். லோடு தாங்காமல் தானாக நின்றிருக்கும். மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் பல் போயிருக்கும். கிரைண்டர் உறுமுகிறது, கல் நகரவில்லை என்றால் கெபாசிட்டர். கல் திணறித் திணறிச் சுற்றினால் பெல்ட். ஷாக் அடிக்கிறது என்றால் மாவுத் தண்ணீர் வழிந்து மோட்டாருக்குள் இறங்கியிருக்கும், அல்லது ஒயர் எங்கேயாவது உரசித் தோல் உரிந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பத்தில் ஒன்பது கேஸ் இதற்குள் அடங்கிவிடும்.

சரோஜா அம்மாள் வீட்டுக் கிரைண்டர் அந்தப் பத்தாவது கேஸ்.

அது பெரிய கல் கிரைண்டர். சுற்றிலும் எவர்சில்வர் தகடு, கீழே மோட்டார், நடுவில் பெல்ட். முதல் தடவை எங்கள் ஆள் செல்வம் போய் ஒயரையும் சுவிட்சையும் புதிதாகப் போட்டுவிட்டு வந்தான். மறுபடி கம்ப்ளெயிண்ட் வந்தது. இரண்டாம் தடவை மோட்டாரையே கழற்றிக் கடைக்குக் கொண்டு வந்தான். நான்தான் அதைப் பிரித்தேன். வைண்டிங் நன்றாக இருந்தது. கரண்ட் கசிவை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்தபோது பாடிக்குத் துளி லீக்கேஜ் இல்லை. இருந்தாலும் வார்னிஷ் கொடுத்துக் காயவைத்து அனுப்பினேன். இப்போது மூன்றாவது தடவை.

சரோஜா அம்மாள் போனதும் சார் என்னைக் கூப்பிட்டார்.

"நீ போயிட்டு வாம்மா. மெஷின்ல ஒண்ணும் இல்ல. எனக்கென்னவோ இது மாமியார் மருமக பிரச்சனைன்னு தோணுது. நீ லேடீஸ், கொஞ்சம் பேசிப் பாரு."

செல்வம் என் பையில் ஒரு டூ பின் பிளக்கைப் போட்டான். "ஒண்ணும் புரியலன்னா இதைப் போட்டுடுக்கா. மூணாவது பின் இல்லன்னா தகராறே இல்ல."

அந்த பிளக்கை எடுத்து அவன் மேஜைமேலேயே வைத்தேன். மூன்றாவது பின் எர்த் பின். கரண்ட் வழிதவறிப் பாடிக்கு வந்தால் மனிதர் வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக அதுதான் பாதை. அதை வெட்டுவதை அன்று நிறைய பேர் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

2. பெருங்களத்தூர் வீடு

வீடு பழைய பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வீட்டு ஓனர் ஏகாம்பரம் அந்த ஊர்க்காரர். முன்பு அங்கே நெல் போட்டவர். நிலத்தில் ஒரு பகுதியை மனை போட்டு விற்று, மீதியில் தன் வீட்டையும் அதை ஒட்டி வரிசையாகச் சில போர்ஷன்களையும் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கடைசி போர்ஷன் சரோஜா அம்மாளுடையது. மகன் குமரேசன் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மருமகள் மல்லிகாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நான் போனது மதியம். சரோஜா அம்மாள் என்னைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரே சொன்னார்.

"நான் தொட்டேன், ஒண்ணும் இல்ல. எம் புள்ள தொட்டான், ஒண்ணும் இல்ல. உங்க ஆளு வந்து தொட்டான், ஒண்ணும் இல்ல. இவளுக்கு மட்டும் அடிக்குதாம். மாவு அரைக்கச் சொன்னா அடிக்குது. சாப்பிடச் சொன்னா அடிக்கல. ஞாயித்துக்கெழம அவங்க அண்ணனை வரச் சொல்லிட்டேன். கூட்டிட்டுப் போய் அவங்க வீட்ல வெச்சிக்கட்டும். வேல செய்ற எண்ணம் வந்தப்புறம் அனுப்பட்டும்."

மல்லிகா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண்.

"மெஷினைப் பாக்குறேம்மா" என்று எழுந்து உள்ளே போனேன். செல்வமாக இருந்திருந்தால் மாமியாரும் கூடவே வந்திருப்பார். நான் பெண் என்பதால் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பூக்காரியைப் பார்த்துவிட்டு அப்படியே கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சமையலறை சின்னது. கிரைண்டர் ஒரு மூலையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். தரை எப்போதும் ஈரமாக இருக்கும் இடம். நான் டெஸ்டரை எடுத்துத் தகட்டில் வைத்தேன். எரியவில்லை. கிரைண்டரை ஓடவிட்டு வைத்தேன். எரியவில்லை. ஒயர், சுவிட்ச், பிளக் எல்லாம் செல்வம் போட்ட புதுசு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கிரைண்டரை நிறுத்திவிட்டு மல்லிகாவிடம் கேட்டேன். "எப்ப அடிச்சதுன்னு சொல்லும்மா. மாவு அள்ளும்போதா, தண்ணி தெளிக்கும்போதா?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "சொன்னா நீங்களும் சிரிப்பீங்கக்கா."

"சிரிக்க மாட்டேன். சொல்லு."

"சுவிட்ச் போடாமலே அடிக்குதுக்கா."

நான் சிரிக்கவில்லை. டெஸ்டரைக் கீழே வைத்தேன்.

"அதச் சொன்னதுலதான் எல்லாம் கெட்டுப்போச்சு" என்றாள். "மொதல்ல ஒருநாள் அரைச்சி முடிச்சு, ஆஃப் பண்ணிட்டு, கல்லைக் கழுவப் போனேன். கையப் புடிச்சு யாரோ முறுக்கின மாதிரி இழுத்துச்சு. வெடுக்குனு உருவிட்டேன். முழங்கை செவுத்துல இடிச்சு வீங்கிச்சு. அவர்கிட்ட சொன்னேன். சுவிட்ச் ஆஃப்ல கீதே, கரண்ட் எப்படி வரும்னு கேட்டாரு. அத்தை, இதுக்கு டாக்டர்கிட்ட போறதா மந்திரிக்கப் போறதான்னு கேட்டாங்க. உங்க ஆளு வந்தப்ப சொல்லலாம்னு வந்தேன். ஷாக் அடிக்குதாம்னு அத்தையே சொல்லிட்டாங்க. சுவிட்ச் விஷயத்த அவங்க சொல்லல, மானம் போயிடும்னு. நானும் அப்புறம் வாயத் தொறக்கல."

செல்வத்துக்கு அந்த ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை. எனக்கும் சேரவில்லை. எங்களுக்கு வந்தது 'ஷாக் கம்ப்ளெயிண்ட்' மட்டும்தான். சுவிட்ச் போடாத கிரைண்டர் அடிக்கிறது என்றால் கோளாறு கிரைண்டரில் இல்லை, வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். வீட்டில் எல்லோரும் அவளைப் பைத்தியம் என்று நினைப்பதற்குக் காரணமாக இருந்த அந்தப் பேச்சுதான், அத்தனை நாளில் யாராவது சொன்னதிலேயே சரியான பேச்சு.

"தினமும் அடிக்குதா?"

"இல்லக்கா. சில நாளு. சாயங்காலம்தான் அதிகம். நான் அரைக்கிறதே சாயங்காலம்தானே."

"அத்தை அரைச்சப்ப?"

"அவங்க காலைல அரைச்சாங்க. அவங்களுக்கு முட்டி வலி. மணை போட்டு உக்காந்துதான் எல்லாம் செய்வாங்க. காலும் மணை மேலதான்."

"உன் வீட்டுக்காரர்?"

"அவருக்கு குதிகால் வெடிப்பு. வூட்டுக்குள்ளயும் ரப்பர் செருப்புதான்."

மணை மரம். செருப்பு ரப்பர். இரண்டிலும் கரண்ட் இறங்காது. அந்த வீட்டில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அந்தத் தகட்டைத் தொடுகிறவள் ஒருத்திதான்.

"நான் சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்" என்றேன். அவள் அப்போதுதான் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

3. தண்ணீர் விழும் சத்தம்

காத்திருந்தோம். அவள் பூண்டு உரித்தாள், நானும் கூட உரித்தேன். அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்த்ததை, அண்ணன் ஆட்டோ ஓட்டுவதை எல்லாம் சொன்னாள். தான் பம்மல் என்றாள். நானும் பம்மல்தான் என்றதும் எந்தத் தெரு என்று கேட்டாள். அதன் பிறகு பேச்சு சரளமாக வந்தது.

"அண்ணன் வந்தா போயிடுவேன்க்கா. அதுல ஒண்ணும் இல்ல. ஆனா வேலைக்கு வணங்காதவன்னு பேரு வாங்கிகினு போவணும். அதான் தொண்டைல நிக்குது."

இடையிடையே டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுமில்லை. வெயில் கொஞ்சம் சாய்ந்து, பக்கத்துப் போர்ஷன்களில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்த நேரத்தில் மறுபடி வைத்தேன். டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. கிரைண்டர் ஓடவில்லை. சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது.

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. பக்கத்துக் கம்பியிலிருந்து சும்மா வரும் தூண்டலுக்கும் அது எரியும். அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி வைத்தேன். அணைந்தது. பிளக்கைச் செருகினேன். எரிந்தது. அப்படியென்றால் இது பிளக் வழியாகத்தான் வருகிறது. சுவிட்ச் என்பது கரண்ட் வரும் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். எர்த் கம்பியைத் துண்டிக்காது. கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் கம்பியே இந்த வீட்டில் கரண்ட்டைச் சுமந்து வந்து கிரைண்டரில் இறக்கிக்கொண்டிருந்தது.

"மல்லிகா, இப்ப புதுசா எங்கியாவது எதாவது ஓட ஆரம்பிச்சுதா? சத்தம் கேக்குதா?"

அவள் காது கொடுத்துக் கேட்டாள். "ஒண்ணும் இல்லக்கா. மேல டேங்குல தண்ணி விழுது. அவ்ளோதான். ஓனர் தூங்கி எழுந்து மோட்டார் போடுவாரு."

எனக்கு விளங்கிவிட்டது.

டெஸ்ட் லாம்ப் என்று ஒன்று வைத்திருப்போம். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். ஒரு ஒயரை பிளக் பாயிண்ட்டில் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஓட்டையில் வைத்து, இன்னொன்றைக் கிரைண்டர் தகட்டில் தொட்டால், தகட்டுக்கு வருவது நிஜமான கரண்ட்தானா என்று பல்பே சொல்லிவிடும். கிரைண்டர் பிளக்கை அதே சாக்கெட்டில் விட்டுவிட்டு, பக்கத்து சாக்கெட்டில் ஒயரை வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து சரோஜா அம்மாள் கையில் பூப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"என்ன, இன்னும் பாத்துட்டுத்தான் இருக்கியா?"

"அடிக்குதும்மா" என்றேன். "உங்க மருமக சொன்னது சரி."

"சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, அடிக்குதுங்குற? உனக்கும் இவ சொல்லிக் குடுத்துட்டாளா? எங்க, நான் தொடுறேன்."

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கழுவி விட்ட தரையில் வெறுங்காலோடு நின்று கையை நீட்டினார். நான் கீழே குனிந்து உட்கார்ந்திருந்தேன், எழுந்து தடுக்க நேரமில்லை. மல்லிகா பாய்ந்து அவருடைய தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். பூப் பொட்டலம் எங்கோ போய் விழுந்தது. சரோஜா அம்மாள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்.

"என்னயே தள்ளுறியா நீ?"

"வேணாம் அத்தை. தொடாதீங்க. அது கையப் புடிச்சிக்கும். வேணாம்." மல்லிகாவுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அவருடைய தோளைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை.

மருமகளின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அந்த அம்மா அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பொய் சொல்கிறவள் அப்படி நடுங்க மாட்டாள்.

"அம்மா, இதைப் பாருங்க" என்று ஒயரைத் தகட்டில் தொட்டேன். பல்புக்குள் இழை சிவந்து எரிந்தது. முழு வெளிச்சம் இல்லை. ஆனாலும் அரையிருட்டான அந்தச் சமையலறையில் நன்றாகத் தெரிந்தது.

"இந்தக் கரண்ட் இந்த மெஷினோடது இல்ல. வீட்டுக்காரர் மோட்டார்லேர்ந்து வருதுன்னு நெனக்கிறேன். நிறுத்தச் சொல்லிப் பாருங்க."

சரோஜா அம்மாள் பின் கதவுக்குப் போய், "ஏகாம்பரம்! மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துப்பா!" என்று குரல் கொடுத்தார். மேலே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. பல்பு அணைந்தது.

"போடுப்பா!"

பல்பு எரிந்தது.

"நிறுத்து!"

அணைந்தது. நான் போதும் என்று சொல்லியும் அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார், இன்னொரு தடவை நிறுத்தச் சொன்னார். பிறகு மணையைக் கூட எடுத்துப் போடாமல் அப்படியே கூடத்துத் தரையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

4. மாடும் தொட்டியும்

"இன்னாம்மா, மோட்டாரோட வெளாடிகினு கீறீங்க?" என்று ஏகாம்பரமே நேரில் வந்துவிட்டார். மேல் துண்டு, காலில் டயர் செருப்பு. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எம் மோட்டார்லயா? போன வருசம் வாங்குனது. தெனம் நான்தான் போடுறேன், நான்தான் நிறுத்துறேன். என்னை ஒரு நாளும் அடிக்கலியே."

அவர் செருப்பைக் காட்டிக் காரணம் சொன்னேன். நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டே எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போனார். கிணற்றுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு சின்ன அறைக்குள் மோட்டார். அதிலிருந்து இரும்புக் குழாய் ஒரு சிமெண்ட் தொட்டிக்கும், இன்னொன்று மேலே டேங்குக்கும் போனது. தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ரொம்பத் தள்ளி, வேப்பமரத்தடியில் ஒரு கறவை மாடு கட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பக்கெட்டில் தண்ணீர்.

"தொட்டி நெறைய தண்ணி இருக்க, மாட்டுக்கு ஏன் பக்கெட்ல வெக்கிறீங்க?" என்று கேட்டேன். வேறு எண்ணத்தோடு கேட்கவில்லை.

"அத ஏன் கேக்குற? பேஜாராப் பூட்ச்சு. ரெண்டு மாசமா தொட்டில வாய வெக்க மாட்டேங்குது. கிட்டப் போவும், மூக்க வெக்கும், துள்ளிகினு ஓடியாந்துடும். கண்ணு பட்டுச்சோன்னு திருஷ்டி சுத்துனேன். அப்பவும் குடிக்கல. பாலு கொறஞ்சு போச்சு. அப்பாலதான் மாட்டு டாக்டரைக் கூட்டியாந்து காட்டுனேன். அவரு பாத்துட்டு, மாட்டுக்கு ஒண்ணும் இல்ல, தொட்டியைத்தான் பாக்கணும்னாரு. நான் தொட்டியக் கழுவி சுண்ணாம்பு அடிச்சேன்."

மல்லிகா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"மாட்டுக்கு டாக்டர் வந்தாரு."

சரோஜா அம்மாள் அந்த மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மோட்டாரை மறுபடி போடச் சொல்லி, டெஸ்டரை அதன் பாடியில் வைத்துக் காட்டினேன். தொட்டிக்குப் போகும் குழாயில் வைத்துக் காட்டினேன். இரண்டிலும் எரிந்தது. ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். மோட்டாருக்குள் வைண்டிங்கில் இன்சுலேஷன் போயிருந்தது. அந்தக் கரண்ட் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போயிருந்தால் ஃபியூஸ் உருகி மோட்டார் அன்றைக்கே நின்றிருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எர்த்துக்காக வீடு கட்டும்போது அடித்திருந்தது ஒரு மெல்லிய குழாய். சுற்றிலும் மண் வெயிலில் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காய்ந்த மண்ணில் கரண்ட் இறங்காது. இறங்க வழியில்லாமல் அதே எர்த் கம்பியில் திரும்பி, வரிசையாக எல்லாப் போர்ஷனுக்கும் போயிருக்கிறது. மற்ற வீடுகளில் கிரைண்டர் இல்லை, இருந்த சாமான்களுக்கும் டூ பின் பிளக். மல்லிகா வீட்டில் மட்டும்தான் ஒழுங்கான மூன்று பின். ஒழுங்காக இருந்ததால்தான் அவளுக்கு அடித்தது.

இதை எல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏகாம்பரத்தின் முகம் மாறிக்கொண்டு வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தார்.

"லீவு வுட்டாங்கன்னா எம் பேரப்புள்ளைங்க வந்துடுங்கோ" என்றார். "பூரா நேரமும் அந்தத் தொட்டிக்குள்ளதான் கெடக்கும்ங்க."

அதற்கு மேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெயின் போர்டுக்குப் போய் மோட்டாரின் ஃபியூஸ் கட்டையை உருவி மடியில் முடிந்துகொண்டார். திரும்பி வந்து மல்லிகாவுக்கு முன்னால் நின்றார்.

"நீ சொன்னப்ப என் காதுக்கும் வந்துச்சுமா. பக்கத்து வூட்டுப் பொண்ணு ஏதோ சொல்லுது, நமக்கின்னான்னு இருந்துட்டேன். தப்பா நெனைக்காத."

மல்லிகா தலையை மட்டும் ஆட்டினாள்.

குமரேசன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எல்லாம் தெரிந்துகொண்டான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"நான் செருப்பைக் கழட்டிட்டுத் தொட்டுப் பாத்திருக்கணும், மல்லி."

"கழட்டாததே நல்லதாப் போச்சு" என்றாள் அவள்.

5. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளம்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஆனாலும் போனேன், எர்த் பள்ளம் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்க்க. மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போயிருந்தது. போர்ஷன்காரர்கள் எல்லோரும் கைப்பம்பில் அடித்துக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. ஏகாம்பரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தங்கையைக் கூட்டிப் போவதற்காக மல்லிகாவின் அண்ணன் ஆட்டோவோடு வந்திருந்தான். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக் கழற்றி ஆட்டோவில் போட்டுவிட்டுக் கடப்பாரையை வாங்கிக்கொண்டான். அவன் வெட்ட, குமரேசன் மண்ணை அள்ளிப் போட்டான். இரண்டு பேரும் முதலில் பேசிக்கொள்ளவில்லை. இடுப்பளவு ஆழம் போன பிறகு, "மச்சான், அந்தக் கல்லுப் பக்கமா போடு" என்கிற அளவுக்கு வந்தது.

பள்ளத்தில் கனமான ஜி.ஐ. இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல் மாதிரி வாய் வைத்தோம். "கோடைல இது காயவே கூடாது. தினமும் தண்ணி ஊத்தணும்" என்று பொதுவாக எல்லோருக்கும் சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மல்லிகா ஒரு பையோடு வெளியே வந்தாள். நான் ஆச்சரியப்பட்டேன். அண்ணனும்தான்.

"இப்பத்தான் எல்லாம் சரியாப் போச்சே" என்றான்.

"கரண்ட் சரியாப் போச்சுண்ணா. நான் கொஞ்ச நாள் அம்மாகிட்ட இருந்துட்டு வரேன்." பிறகு மாமியாரைப் பார்த்து, "நானா போறேன் அத்தை. நானா வருவேன்" என்றாள்.

சரோஜா அம்மாள் உள்ளே போய் ஒரு தூக்குச் சட்டியில் மதியம் செய்த குழம்பை ஊற்றி எடுத்து வந்து, ஆட்டோவில் அவள் காலருகே சாயாமல் வைத்தார்.

6. பிறகு

மோட்டார் திரும்பி வந்து மாட்டிய பிறகு எர்த் மெக்கரில் பள்ளத்தை அளந்து பார்க்க ஒரு நாள் போனேன். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனபோது சரோஜா அம்மாள் அந்தப் பள்ளத்தின் அருகே நின்றிருந்தார். முட்டி வலியோடு ஒரு குடத்தை இடுப்பில் சாய்த்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் அறையை ஒட்டிய தொட்டியில் மாடு வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

"ஓனர் ஊத்துறதில்லையாம்மா?"

"அவரு காலைல ஊத்துறாரு. மத்தியானத்துக்குள்ள காஞ்சு போவுது. அதான் நான் ஒரு கொடம்."

"மல்லிகா ஊத்தச் சொல்லிட்டுப் போனாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல." குடத்தின் கடைசித் தண்ணீரைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார். "வெள்ளிக்கெழம வரா. வந்ததும் மாவுதான் அரைப்பா. அந்த நேரத்துக்கு மண்ணு ஈரமா இருக்கணும்."

மெக்கரில் ரீடிங் நன்றாக வந்தது. அவரிடம் சொன்னேன். ரீடிங் என்றால் என்ன என்று கேட்டார். மண் கரண்ட்டை வாங்கிக்கொள்கிறது, ஆட்களிடம் விடாது என்றேன். சரி என்று அடுத்த குடத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு நான் பல வருடம் இந்த வேலையில் இருந்தேன். கல் கிரைண்டர் போய் டேபிள் டாப் வந்தது. மிக்சிகள் மாறின. கோளாறுகள் அதேதான். ஆனால் அந்தக் கோடைக்குப் பிறகு என் வேலை முறை ஒன்றே ஒன்றில் மாறியது. முன்பெல்லாம் யார் கதவைத் திறக்கிறார்களோ, யார் நாற்காலி போடுகிறார்களோ அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு டூல்ஸை எடுப்பேன். பெரும்பாலும் அவர் வீட்டுத் தலைவராக இருப்பார், அல்லது மாமியாராக இருப்பார். மெஷினின் ஒயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. மிக்சி எந்தப் பொழுதில் நிற்கிறது, நிற்பதற்கு முன் என்ன வாசனை வருகிறது, கிரைண்டரின் சத்தம் எப்போது எப்படி மாறுகிறது என்பதெல்லாம் வேறு ஒருவருக்குத் தெரியும். அவர் கதவு ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நல்ல மீட்டர்கள் இருக்கின்றன. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். நான் வேலையை விடும் நாள் வரைக்கும் எல்லா வீட்டிலும் கேட்டது இதுதான்:

"இந்த அடுப்படில தினமும் நிக்கிறது யாரு? அவங்களைக் கூப்பிடுங்க. அவங்க சொல்லட்டும்."